பட்டறைச் சாவி யாரிடம் இருக்கிறது?

ஐ.டி.ஐ.களை நடத்துகிற அதிகாரிகளுக்கும், அவற்றுக்குப் பாடத்திட்டம் போடுகிற குழுவினருக்கும் வணக்கம்.

வெல்டர் டிரேடில் முப்பது வருடத்துக்கு மேல் பயிற்றுநராக இருந்து, சில வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றவன் நான். மேற்கு மாவட்டங்களில் மூன்று அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் வேலை பார்த்தேன். எந்த ஊர், எந்த நிலையம் என்பது இந்த மடலுக்கு வேண்டியதில்லை. "நெகிழ்வுக் கற்றல்", "இணையவழித் தொழிற்கல்வி", "எங்கிருந்தும் எப்போதும் கற்கலாம்" என்றெல்லாம் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதை எதிர்த்து எழுத வரவில்லை. செய்து பார்த்தவன் என்பதால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதில் பாதி உங்களுக்குப் பிடிக்கும். மீதி பிடிக்காமல் போகலாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பட்டறையைப் பூட்டினோம். கொஞ்ச நாளில் ஆன்லைனில் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். தியரியை எப்படியோ ஓட்டிவிட்டேன். ஆர்க் வெல்டிங்கை எப்படிக் காட்டுவது? கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் நண்பர் ஒருவரின் கிரில் பட்டறைக்குப் போனேன். அவர் மகன் போனைப் பிடித்துக்கொண்டான். முதல் ராடை, அதாவது உருகி இணைப்பாகிற வெல்டிங் குச்சியை, பற்றவைத்ததுமே திரை முழுக்க ஒரே வெள்ளை. பசங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹெல்மெட்டில் போடுகிற கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கேமராவுக்கு முன்னால் வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். அப்புறம் திரையில் தெரிந்ததைப் பார்த்து எனக்கே சிலிர்த்துவிட்டது. உருகிய இரும்பு சின்னக் குட்டையாகத் தளும்புகிறது, அதன் பின்னால் ஸ்லாக் என்கிற கசடு ஒதுங்கி வருகிறது, ஓரம் மெல்ல உறைகிறது. இத்தனை வருடம் நான் செய்து காட்டியபோது என் தோளுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர்தான் இதைப் பார்த்திருப்பார்கள். மற்றவர்கள் என் முதுகைப் பார்த்திருப்பார்கள். அன்றைக்குப் போன் கிடைத்த எல்லோருக்கும் முதல் வரிசை.

சந்தோஷமாக இருக்கும்போதே ஒரு பையன் கேட்டான்: "சார், சத்தமே வரலையே சார்?"

வெல்டிங் தெரியாதவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். ராடின் நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய ராடின் கனம்தான். 3.15 மி.மீ. ராடு என்றால் சுமார் மூன்று மில்லிமீட்டர். வெல்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. காதுதான் ஸ்கேல். இடைவெளி சரியாக இருந்தால் சட்டியில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். கூடினால் சத்தம் உறுமி, விட்டு விட்டு வரும். குறைந்தால் ராடு பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும். பயிற்றுநர் பட்டறையின் மறுகோடியில் நின்றுகொண்டே "டேய், மூணாவது பூத்து, கையை இறக்குடா" என்று கத்துவது இந்தச் சத்தத்தை வைத்துத்தான். போனில் இருந்த மென்பொருளோ அதை வெறும் இரைச்சல் என்று நினைத்து அடக்கிவிட்டது. என் குரல் மட்டும் கணீரென்று போய்க்கொண்டிருந்தது. பாடம் எந்தச் சத்தத்தில் இருந்ததோ அது போகவில்லை.

கண் கிடைத்தது, காது போயிற்று. கையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பட்டறை மறுபடி திறந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அந்த வகுப்பின் பதிவான வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவனும் பார்க்காதவனும் முதல் நாள் ராடை ஒரே மாதிரிதான் ஒட்டவைத்தார்கள். மூன்றாம், நான்காம் நாளில்தான் வித்தியாசம் தெரிந்தது. பார்த்தவனுக்குத் தன் பீட், அதாவது வெல்டு வரி, ஏன் கோணலாகப் போகிறது என்று புரிந்திருந்தது. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொண்டான். மற்றவனுக்கு நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வீடியோ கைக்குத் திறமையைத் தரவில்லை. கை திறமையாவதற்கு ஆகும் நாளைக் கொஞ்சம் குறைத்தது. என் அனுபவத்தில் இணையவழிக் கற்றலின் மதிப்பு இவ்வளவுதான். இது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

அதே வகுப்பில் ஒரு பையனுடைய வீட்டில் ஒரே போன், அதுவும் லாரி ஓட்டுகிற அப்பாவிடம். நான் காலை பத்து மணிக்கு நேரலையில் பாடம் எடுக்கும்போது அந்தப் போன் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்றுகொண்டிருக்கும். அவன் என் பாடத்தைப் பார்த்ததெல்லாம் அப்பா வீட்டுக்கு வரும் இரவுகளில்தான். இன்னொருவன் வகுப்பில் சேர்ந்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவானாம். படிப்பு முடித்துப் போகிற அன்று சிரித்துக்கொண்டே அவனே சொன்னான். வருகைப் பதிவேட்டில் இருவரில் யார் ஒழுங்கான மாணவன் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2022-க்குப் பிறகு திருத்திய பாடத்திட்டத்தில் ஒரு வருடத்துக்கு 1,200 மணி நேரம். முதல் வருடத்தில் அதில் 840 மணி செய்முறை, 240 மணி டிரேடு தியரி, 120 மணி வேலைவாய்ப்புத் திறன். இணையத்துக்குக் கொண்டுபோகக் கூடியது அந்த 240-உம் 120-உம்தான். முழுதாகக் கொண்டுபோனாலும் பத்தில் மூன்று பங்கு. மீதி ஏழு பங்கு ஃபைல், ஹாக்சா, லேத், ராடு, வயர், ஸ்பேனர். "ஐ.டி.ஐ. படிப்பை இணையத்தில் கொடுக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த மூன்று பங்கைப் பற்றித்தான் பேசுகிறார். மீதி ஏழு பங்கில் என்ன நெகிழ்வு தரப்போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன் அந்த மூன்று பங்கையே நாம் சரியாகச் செய்கிறோமா என்று பார்த்துவிடலாம். மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் பாடங்கள் கிடைக்கின்றன. ஐ.டி.ஐ. பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும், கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் 1986-ல் ஜெர்மனி உதவியோடு தொடங்கியது. அவர்களுடைய டிரேடு புத்தகங்களில் படங்கள் இன்றைக்கும் நான் மெச்சுகிற படங்கள். ஆனால் பையன் போனில் என்ன படிக்கிறான்? கேள்வி வங்கி. தியரித் தேர்வு கணினியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிற தேர்வாகிவிட்டது. அதனால் அவன் பாடத்தை விட்டுவிட்டு விடையை மனப்பாடம் செய்கிறான். 6013 ராடு என்றால் எந்தப் பூச்சு என்று கேட்டால் டக்கென்று சொல்வான். அந்த ராடு நனைந்திருந்தால் வெல்டில் ஏன் ஓட்டை விழுகிறது என்று கேட்டால் விழிப்பான். மழைக்காலத்தில் அவனைக் காப்பாற்றப் போவது இரண்டாவது கேள்விதான்.

மொழியையும் சொல்ல வேண்டும். நம் விளம்பரங்களில் பொருத்துநர், கடைசலர், கம்மியர், கம்பியாள், பற்றவைப்பவர் என்று டிரேடுகளுக்கு அழகான பெயர்கள் இருக்கின்றன. கம்பியாள் என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பட்டறைக்குள் போனால் ஃபிட்டர், டர்னர், வயர்மேன். பயிற்சிக்குக் கொடுக்கும் இரும்புத் துண்டுக்குப் பெயர் "ஜாப்". தமிழில் என்று வருகிற சில வீடியோக்களில் பட்டறையில் ஒருவரும் சொல்லாத சொற்களை ஒரு செய்தி வாசிப்பாளர் குரல் அடுக்கிக்கொண்டே போகிறது. பையன் இரண்டு நிமிடத்தில் அதை மூடிவிட்டு, பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் கிரீஸ் கையோடு எடுத்துப் போட்ட வீடியோவுக்குப் போய்விடுகிறான். அந்த மெக்கானிக் கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிப்பார். அதையும் சேர்த்துத்தான் பையன் கற்றுக்கொள்கிறான். பயிற்றுநர்கள் தங்கள் பட்டறையில், தங்கள் மெஷினில், தங்கள் வாயால் பேசி ஐந்து ஐந்து நிமிடமாக எடுக்கட்டும். பதிவிறக்கி வைத்துப் பார்க்கும்படி இருக்கட்டும். ஸ்டூடியோ வேண்டாம், ஒரு போனும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் போதும்.

இன்னொன்று. ஊரடங்கில் நிஜமாகவே பலன் தந்தது எங்கள் நேரலை வகுப்பு கிடையாது, வாட்ஸ்அப்தான். எலக்ட்ரீஷியன் டிரேடு நண்பர் ஒருவர் பசங்களை வீட்டிலேயே ஒரு பலகையில் மாடிப்படி வயரிங் போடச் சொன்னார், இரண்டு சுவிட்சு, ஒரு பல்பு. கரண்டு கொடுக்கக் கூடாது, போட்டோ மட்டும் அனுப்ப வேண்டும். வந்த போட்டோவில் தப்பான இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். பிரிட்டனில் ஓப்பன் யுனிவர்சிட்டி அறிவியல் மாணவர்களின் வீட்டுக்கே பரிசோதனைப் பெட்டியை அனுப்பிப் படிக்கவைத்தது என்று படித்திருக்கிறேன். நண்பருடைய பலகையும் அதே வேலையைத்தான் செய்தது. கற்பவனின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, தூரத்திலிருந்து குறை சொல்வது. நாம் இணையவழி என்றால் உடனே வீடியோ என்று நினைத்துக்கொள்கிறோம். போட்டோவில் ஒரு சிவப்பு வட்டம் பல வீடியோவுக்குச் சமம்.

இனி அந்த ஏழு பங்கு.

நான் வகுப்பு எடுக்கப் போன அந்தக் கிரில் பட்டறையில் ஒருவர் வேலை செய்கிறார். முப்பத்து நான்கு வயது, எட்டாவது வரை படிப்பு, பதினைந்து வருடமாக வெல்டிங். கதவு, கிரில் போடுவதில் அவர் கை சுத்தம். ஆனால் செங்குத்தாக நிற்கும் பிளேட்டில் கீழிருந்து மேலே வெல்டு பிடிக்கச் சொன்னால் வழிந்துவிடும். தலைக்கு மேலே பிடித்ததே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, கிரிலுக்கு அது தேவைப்படவும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கும் பெரிய கம்பெனிக்கும் அதைத்தான் கேட்கிறார்கள், கூடவே சான்றிதழும். அன்று நான் வீடியோ எடுத்து முடித்ததும் அவர் கேட்டார்: "நான் உங்க ஐ.டி.ஐ.ல வந்து கத்துக்க முடியுமாண்ணா?"

எட்டாவது தேறியவர்கள் வெல்டர் டிரேடில் சேரலாம். ஆனால் பகலில் வர வேண்டும், தினமும் வர வேண்டும், ஒரு வருடம் வர வேண்டும். ரெகுலராகச் சேர்ந்தால் சைக்கிள், சீருடை, பஸ் பாஸ், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை எல்லாம் அரசு தருகிறது, நல்ல விஷயம். ஆனால் இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவர் அந்த 750 ரூபாயை நம்பி வேலையை விட முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அந்த வழி இருக்கிறது. ஆனால் அது தேர்வு எழுதுகிற வழி, கற்றுக்கொள்கிற வழி ஆகாது. தெரியாத வெல்டை அவர் எங்கே போய்ப் பழகுவார்? முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் திட்டமும் அப்படித்தான். ஏற்கனவே தெரிந்ததற்கு முத்திரை குத்தும், தெரியாததைச் சொல்லித் தராது.

அவரை மாதிரி மில்லில் மாற்று ஷிப்ட் பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. குழந்தை அங்கன்வாடியில் இருக்கும் நான்கு மணி நேரம் மட்டுமே கையில் இருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பத்தாவதோடு நின்று, கடையில் வேலைக்குப் போய், ஞாயிறு மட்டும் விடுமுறை கிடைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் போன் இருக்கிறது. இவர்களுக்கு எட்டாமல் இருப்பது பட்டறை.

அந்தப் பட்டறையோ சாயங்காலம் பூட்டினால் மறுநாள் காலைதான் திறக்கும். சில நிலையங்களில் இரண்டு ஷிப்ட் உண்டு, அதுவும் ரெகுலர் மாணவர்களுக்குத்தான். ஞாயிறு விடுமுறை, பண்டிகை விடுமுறை, தேர்வு முடிந்து அடுத்த சேர்க்கை வரை விடுமுறை. 2022-ல் டாடா டெக்னாலஜீஸோடு ஒப்பந்தம் போட்டு, சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்கும் வேலையை நம் அரசு தொடங்கியது. ரோபாட், கணினியால் இயங்கும் சி.என்.சி., மின்சார வாகனப் பிரிவு என்று நான் சர்வீஸில் இருந்தபோது கனவிலும் பார்க்காத மெஷின்கள் வந்துவிட்டன. உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. அந்த மெஷின்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகின்றன, எத்தனை மணி நேரம் உறை போட்டுத் தூங்குகின்றன என்று மட்டும் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள்.

நெகிழ்வுக் கற்றல் என்பதை வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்கிறோம். நம் ஊரில் அது எப்போதோ இருந்தது. அதன் பெயர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்.

நான் பத்தாவது முடித்த கோடையில் டைப்ரைட்டிங்கின் முதல் நிலையான லோயர் சேர்ந்தேன். காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும். ஆறு டு ஏழு ஒரு பேட்ச், ஏழு டு எட்டு இன்னொன்று, இப்படியே இரவு வரை. பால்காரர் மகன் விடியலில் வருவான், ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் கடை மூடியதும் வருவாள். எவருக்கு எந்த ஒரு மணி நேரம் வசதியோ அந்த ஒரு மணி நேரம். பத்து ரெமிங்டன், இரண்டு ஃபேசிட், காலையிலிருந்து ராத்திரி வரை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். என் பக்கத்து மெஷினில் இருந்தவர் "ஏ எஸ் டி எஃப்" அடித்துக்கொண்டிருந்தபோது நான் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மாஸ்டர் எல்லோருக்கும் ஒரே பாடம் எடுக்க மாட்டார். சுற்றி வந்து, விரல் தப்பாகப் போகிறவன் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். தயாரானவன் பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ அரசுத் தேர்வு எழுதுவான். தயாராகாதவன் அடுத்த தேர்வுக்குப் போவான். அந்தச் சான்றிதழைப் பார்த்து, "நீ எந்த நேர பேட்ச், எத்தனை நாள் வந்தாய்?" என்று எந்த ஆபீஸும் கேட்டதில்லை. நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்பதுதான் கேள்வி. எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு மணி நேர பேட்ச்களால் அரசு வேலைக்குள் நுழைந்திருக்கின்றன.

அந்த மாஸ்டரிடம் நெகிழ்வு என்ற சொல்லே கிடையாது. அவரிடம் சாவி இருந்தது, விடிகாலையில் எழும் பழக்கம் இருந்தது.

வெல்டிங் பூத்தை அந்த மாதிரி நடத்த முடியாதா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். தியரியைப் போனில் கொடுங்கள். பாதுகாப்புப் பாடத்தைப் போனில் முடித்து, நேரில் ஒரு சின்னச் சோதனையில் தேறினால்தான் பட்டறைக்குள் அனுமதி என்று வையுங்கள். காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஆறிலிருந்து ஒன்பது, ஞாயிறு முழுநாள் பட்டறையைத் திறங்கள். வருகிறவர் தனக்கு எந்த ஜாப் பாக்கியோ அதைச் செய்வார். ஜாப் முடிந்து பயிற்றுநர் அளந்து கையெழுத்துப் போட்டால் அது கணக்கில் சேரும். ஒருவருக்கு ஒன்றரை வருடம் ஆகட்டும், கை வந்த கிரில் பட்டறைக்காரருக்கு நான்கு மாதத்தில் முடியட்டும்.

விதி இடம் கொடுக்காது என்பீர்கள். படித்த நேரத்தைக் கிரெடிட்டாக வரவு வைக்க 2023-ல் வந்த தேசியக் கடன்மதிப்புச் சட்டகம் (நேஷனல் கிரெடிட் ஃபிரேம்வொர்க்) 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட் என்கிறது, 1,200 மணி நேரத்தை 40 கிரெடிட் என்கிறது. கிரெடிட்டைச் சேமித்து வைக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதுதான் அதன் நோக்கமே. கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு பருவம் விட்டுப்போனால் திரும்பி வர வழி தேடுகிறோம். வெல்டருக்கு மட்டும் ஏன் வருகைப் பதிவேடு? சிங்கப்பூரில் நம் ஐ.டி.ஐ. மாதிரி இருக்கிற ஐ.டி.இ. நிறுவனம் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் பகுதிநேர வகுப்பு நடத்துகிறது. மூன்று மணி நேர வகுப்புக்கு வேலை முடித்துக் களைத்துப் போய் வருகிறார்கள். ஆனாலும் வருகிறார்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. பயிற்றுநர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்போது இரவு பேட்சுக்கு ஆள் எங்கே? ராடும் பிளேட்டும் கேஸும் செலவு, கரண்டு பில் வேறு. சாமான் காணாமல் போனால் ஸ்டோர் கீப்பர் தலையில் விழும். எல்லாவற்றையும் விட, ராத்திரியில் ஒருவன் கையை மெஷினில் கொடுத்துவிட்டால் யார் பொறுப்பு? இந்தக் கடைசிக் கேள்விதான் நியாயமான பயம். நானே தனியாக ஒருவனைக் கிரைண்டர் பக்கம் விட மாட்டேன். எந்த பேட்சிலும் பயிற்றுநர் ஒருவர், உதவிக்கு ஒருவர் இல்லாமல் மெயின் சுவிட்சைப் போடக் கூடாது. மற்றவற்றுக்கெல்லாம் பணமும் ஒரு உத்தரவும் போதும். மாலை பேட்சுக்குக் கட்டணம் வாங்குங்கள், டைப்ரைட்டிங்குக்குக் கொடுத்த மாதிரி கொடுப்பார்கள். பக்கத்து கம்பெனியில் இருக்கிற நல்ல வெல்டர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுங்கள். என்னை மாதிரி ஓய்வு பெற்றுவிட்டு, காலையில் நடைப்பயிற்சி போய் வந்து, பேப்பரை மூன்று தடவை படிக்கிற ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம்.

எல்லா ஊரிலும் எல்லா டிரேடிலும் தொடங்கச் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தில் ஒரு நிலையம், அதில் வெல்டர், வயர்மேன் என்று இரண்டு டிரேடு, ஆறு மாதம். புதுச் செயலி ஒன்றும் வேண்டாம், இருக்கிற பாடங்களே போதும். முதல் பேட்சில் இருபது பேர் வருவார்களா, நான்கு பேர் வருவார்களா என்று எனக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது. நான்கு பேர் வந்தால் அதில் ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும். போன வாரம் கூட கிரில் பட்டறைப் பக்கம் போனபோது, தானே வெட்டிய பிளேட்டை நிற்க வைத்துக் கீழிருந்து மேலே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வீடியோவை இன்னும் போனில் வைத்திருக்கிறார். வெல்டு நடுவில் வழிந்திருந்தது. ஆம்பியரைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், இரண்டாவது தடவை பரவாயில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். சாவியை யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர் டிரேடு பயிற்றுநர் ஒருவர்